நாய் இரண்டாம் முறை விழுந்தபோது

1883ஆம் ஆண்டு விளாதிமிர் பெக்தெரெவ் என்ற ரஷ்ய மருத்துவர் நாய்களை வைத்துச் செய்த ஒரு சோதனையின் முடிவை ஒரு ஜெர்மன் ஆய்விதழில் வெளியிட்டார். படிக்கச் சங்கடமான சோதனை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பை ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிடுவார். இடது பக்கம் என்று வைத்துக்கொள்வோம். உடனே நாயின் தலை இடப்பக்கம் சாயும். எழுந்து நிற்கப் பார்த்தால் இடப்பக்கமே விழும், உருளும். கண்கள் இடப்பக்கம் மெல்ல நழுவி, வெடுக்கென்று வலப்பக்கம் துள்ளும். மறுபடி நழுவும், மறுபடி துள்ளும். நாட்கள் போகப்போக இதெல்லாம் அடங்கிவிடும். நாய் எழும், நடக்கும், சாப்பிடும். வெட்டிய நரம்பு மட்டும் வெட்டியது வெட்டியபடியே இருக்கும். அது ஒட்டவில்லை, வளரவில்லை.

இதுவரைக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. ஏதோ பழகிக்கொண்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பெக்தெரெவ் அடுத்து செய்ததுதான் விஷயம். தேறி நடந்துகொண்டிருந்த அதே நாயின் வலது நரம்பையும் வெட்டினார். இப்போது இரண்டு பக்கமும் செய்தி இல்லை. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் சமம்தானே? நாய் தள்ளாடலாம், தடுமாறலாம். ஒரு பக்கமாகச் சாய என்ன காரணம் இருக்கிறது? ஆனால் அது வலப்பக்கம் விழுந்தது. கண்கள் எதிர்த்திசையில் துள்ளின. இடது காது நன்றாக இருந்து, வலது காது மட்டும் இன்றைக்குத்தான் போனால் ஒரு நாய் எப்படி விழுமோ, அப்படி விழுந்தது.

இல்லாத இடது காது இருப்பது போல அதன் மூளை நடந்துகொண்டது. இடைப்பட்ட நாட்களில் அந்த மூளை என்னவோ செய்து, செத்த பக்கத்துக்கு ஒரு குரலை உண்டாக்கி வைத்திருக்கிறது. அந்தக் குரலுக்கு எதிராக வலது காது ஈடுகொடுத்துக்கொண்டிருந்த வரை நாய் நேராக நின்றது. வலதை எடுத்ததும் அந்தக் குரல் தனியாகத் தெரிந்துவிட்டது. 'பெக்தெரெவ் ஈடுசெய்தல்' என்று இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இதற்குப் பெயர். (பெக்தெரெவ் 1927இல் மாஸ்கோவில் திடீரென்று இறந்துபோனார். ஸ்டாலினைப் பரிசோதித்துவிட்டு ஒரு தப்பான வார்த்தை சொன்னதுதான் காரணம் என்ற வதந்தி இன்னும் ஓயவில்லை. நிரூபிக்கப்பட்டதும் இல்லை.)

அந்தக் குரல் எதனால் ஆனது என்பதுதான் அடுத்த நூறு ஆண்டுகளின் கேள்வி. பதில் பெருமளவு வேதியியலில் இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் காது என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றாதவர்கள் யார்? கையை விரித்துக்கொண்டு சுற்றி, சட்டென்று நின்றால் உலகம் சுற்றும். ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். நாம் நின்ற பிறகும் அந்தத் திரவத்தின் விசை அடங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம்தான் நம் சந்தோஷம். இதை 1870களில் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே சமயத்தில், தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்: எடின்பரோவில் வேதியியல் பேராசிரியரான க்ரம் பிரவுன், இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், வியன்னாவில் மருத்துவம் பார்த்துவந்த யோசப் ப்ராயர். ரயில் வளைவில் திரும்பும்போது வீடுகளும் மரங்களும் சாய்வதைப் பார்த்துத்தான் மாக் இந்தப் பக்கம் வந்தார். ப்ராயர் யாரென்று சிலருக்குத் தெரிந்திருக்கும். ஃப்ராய்டோடு சேர்ந்து ஹிஸ்டீரியா பற்றிப் புத்தகம் எழுதினாரே, 'அன்னா ஓ'வுக்கு வைத்தியம் பார்த்தாரே, அதே ப்ராயர். மனதின் சமநிலை பற்றிப் பேசியவராக அவரை இலக்கிய வாசகர்களுக்குத் தெரியும். உடம்பின் சமநிலைக்கு அவர் செய்தது அதைவிட நீடித்து நிற்கிறது என்பது என் கட்சி.

இந்தக் குழல்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத ஒன்று 20ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது. நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் இந்த நரம்புகள் சும்மா இருப்பதில்லை. 1971இல் சிகாகோவில் கோல்ட்பெர்க், ஃபெர்னாண்டஸ் இருவரும் அணில் குரங்குகளில் அளந்தார்கள்: ஓய்வில்கூட ஒவ்வொரு நரம்பிழையும் சராசரியாக விநாடிக்கு 90 தடவை துடித்துக்கொண்டிருக்கிறது. தலையை வலப்பக்கம் திருப்பினால் வலது நரம்பின் துடிப்பு கூடும், இடது குறையும். மூளை பார்ப்பது இரண்டுக்குமான வித்தியாசத்தை.

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடும் ஒரே மாதிரி இழுத்தால் வண்டி நேராகப் போகும். இடது மாடு படுத்துவிட்டால் வலது மாட்டின் இழுப்பில் வண்டி இடப்பக்கம் திரும்பும். பெக்தெரெவின் நாய் முதல் முறை இடப்பக்கம் விழுந்தது இப்படித்தான். ஒரு காதின் சமநிலை நரம்பு வைரஸ் தாக்கியோ அடிபட்டோ திடீரென்று அமைதியாகிவிட்டால், 90க்குப் பதிலாகப் பூஜ்யம் வருகிறது. தலை நில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதாக மூளை படித்துக்கொள்கிறது. படுக்கையில் அசையாமல் கிடப்பவர், கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யாராவது நிறுத்துங்களேன்" என்று கத்துவது இதனால்தான்.

நம்மூரில் இதற்கு முதலில் வரும் வார்த்தை பித்தம். "பித்தம் தலைக்கேறிடுச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி." அல்லது மயக்கம். தமிழில் இந்த 'மயக்கம்' ஒரு பெரிய தொல்லை. நினைவு தப்பி விழுவதும் மயக்கம்தான், வீடு சுற்றுவதும் மயக்கம்தான், காலையில் எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம்தான். மருத்துவர் எதைக் கேட்கிறார், நாம் எதைச் சொல்கிறோம் என்பது அங்கேயே குழம்பிவிடுகிறது. சுற்றுவதற்கு மட்டும் 'கிறுகிறுப்பு' என்ற அருமையான சொல் இருக்கிறது. அதை ஏனோ கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாரிஸிலும் 1861 வரை இதே கதைதான். தலைசுற்றி வாந்தியெடுத்து விழுந்தால், மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது என்பார்கள். ரத்தத்தை வெளியேற்றுவார்கள், அட்டை விடுவார்கள். காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவரான ப்ராஸ்பர் மெனியர் 1861 ஜனவரி 8 அன்று மருத்துவ அகாதெமியில் எழுந்து, இது மூளை நோய் இல்லை, உட்காதின் நோய் என்றார். அவர் காட்டிய சாட்சிகளில் ஒன்று புறாக்கள். 1820களிலேயே பியர் ஃப்ளூரான்ஸ் என்ற ஆய்வாளர் புறாக்களின் அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டி, எந்தக் குழலை வெட்டினால் தலை எந்தத் திசையில் ஆடுகிறது என்று எழுதிவைத்திருந்தார். புறாக்களின் கேள்விசக்தி போகவில்லை, நிலைதான் போனது. மெனியரின் பேச்சைச் சபை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். நோய்க்கு அவர் பெயர் வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

வரலாற்றின் விளையாட்டு என்னவென்றால், மூளையிலிருந்து பழியைத் தூக்கிக் காதின்மேல் போட மெனியர் அவ்வளவு பாடுபட்டார்; 22 ஆண்டுகள் கழித்து பெக்தெரெவின் நாய் மறுபடியும் மூளைக்கே நம்மைத் திருப்பி அனுப்பியது. நோய் காதில், குணம் மூளையில்.

மனிதர்களிடம் இதை எப்படிப் பார்ப்பது? நரம்பை வெட்டிப் பார்க்க முடியாதே. வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற காது மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது அவர்களுக்குத் தலைசுற்றுவதைக் கவனித்தார். தண்ணீர் குளிராக இருந்ததுதான் காரணம் என்று ஒரு நோயாளி குறைபட, அடுத்த தடவை சூடான தண்ணீர் வந்தது; அப்போதும் சுற்றியது, ஆனால் கண்கள் எதிர்த்திசையில் துள்ளின. குழலின் ஒரு பக்கம் சூடானால் திரவம் மேலெழும், குளிர்ந்தால் கீழிறங்கும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒவ்வொரு காதையும் தனித்தனியாக விசாரிக்கலாம் என்றாகிவிட்டது. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு. அறிவிப்பு வந்தபோது அவர் முதல் உலகப்போரில் ரஷ்யர்களிடம் சிக்கி, மத்திய ஆசியாவில் போர்க்கைதியாக இருந்தார். சுவீடன் இளவரசர் ஒருவர் தலையிட்டு 1916இல் விடுதலை வாங்கித் தந்தார்.

பாரானியின் தண்ணீர் ஒன்றை உறுதி செய்தது. முழுதாகத் தேறிவிட்டேன், நன்றாக நடக்கிறேன் என்று சொல்லும் பலரின் பழைய காதில் தண்ணீர் விட்டால் கண் அசையவே அசையாது. காது தேறவில்லை. ஆள் தேறிவிட்டார்.

இரண்டு காதும் ஒன்றாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு சாட்சி இருக்கிறது. 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு முதல் நல்ல மருந்து. அது உட்காதின் சமநிலை உணர்வணுக்களைக் கொல்லும் என்பதும் சீக்கிரமே தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்த ஆய்வகத்தின் தலைவர் வாக்ஸ்மேன் நோபல் வாங்கிய அதே 1952இல், அமெரிக்க மருத்துவர் ஒருவர் ஜே.சி. என்ற முதலெழுத்துகளோடு மட்டும் ஒரு மருத்துவ இதழில் தன் கதையை எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகளால் இரண்டு பக்கச் சமநிலையையும் இழந்தவர். படுக்கையில் படித்துக்கொண்டிருக்கும்போது இதயம் துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் தலை மயிரிழை அசைய, எழுத்துகள் கலங்கினவாம். கட்டிலின் தலைமாட்டில் இருந்த இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது. நம் எல்லோர் தலையும் இதயத்துடிப்புக்கு அப்படித்தான் அசைகிறது. காது அதைக் கண்ணுக்குச் சொல்லி, கண் எதிர்ப்பக்கம் நகர்ந்து, எழுத்தை நிறுத்திவைக்கிறது. இது இப்படி நடந்துகொண்டிருக்கிறது என்பதே அந்தக் கட்டுரையைப் படிக்கும்வரை என் புத்தியில் உறைத்ததில்லை.

இந்த மருந்துக்குச் சென்னையோடு நேரான தொடர்பு உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. அதே மையம் 1964இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டே தடவை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோநயசிட் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பியவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நம் அரசுத் திட்டத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. உயிர் பிழைத்தவர்களில் இருட்டில் நடக்க முடியாமல் போனவர்களும் உண்டு. உயிரா, நிலையா என்றால் உயிர்தான். அந்த ஊசியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இனி வேதியியல். நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவது ரசாயனங்களால் என்பதற்கு முதல் உறுதியான சான்று 1921இல்தான் கிடைத்தது. ஆட்டோ லோவி தவளை இதயத்தில் காட்டினார். அதற்குப் பிறகும் சமநிலை விஷயத்தில் வேதியியல் உள்ளே வந்தது ஆராய்ச்சி வாசல் வழியாக அல்ல, மருந்துக்கடை வாசல் வழியாக.

1947, பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் தோல் தடிப்புக்காக ஒரு கர்ப்பிணி வந்தார். ஹிஸ்டமினைத் தடுக்கும் புது மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் திரும்பி வந்து சொன்னது தோலைப் பற்றி அல்ல: டிராமில் ஏறினால் எப்போதும் குமட்டும், இப்போது குமட்டவில்லை. கே, கார்லினர் என்ற இரண்டு மருத்துவர்கள் அதே ஆண்டு நவம்பரில் 'ஜெனரல் பல்லூ' என்ற துருப்புக் கப்பலில், நியூயார்க்கிலிருந்து ஜெர்மனி போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களிடம் அதைச் சோதித்தார்கள். கொந்தளிக்கும் அட்லாண்டிக்கில் மருந்து வேலை செய்தது. கொடைக்கானல் பஸ்ஸில் ஏறுமுன் நாம் போட்டுக்கொள்ளும் அவோமினும் இதே குடும்பத்து மாத்திரைதான்.

இந்த மாத்திரைகள் சமநிலை மையங்களின் சத்தத்தைக் குறைக்கின்றன. பஸ் பயணத்துக்கு அது சரி. ஆனால் காது செத்துப்போன ஒருவருக்கு?

அதற்குப் பதில் அந்தப் புது மாத்திரைக்கு முன்பே லண்டனில் எழுதப்பட்டுவிட்டது. போரில் தலையில் அடிபட்ட சிப்பாய்களையும் காதில் அறுவை செய்துகொண்டவர்களையும் பார்த்துவந்த டெரன்ஸ் காதோர்ன் என்ற காது அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அசையாமல் படுத்திருப்பவர்கள் தாமதமாகத் தேறுகிறார்கள். சீக்கிரமே எழுந்து நடமாடுபவர்கள், சுற்றினாலும் பரவாயில்லை என்று தலையைத் திருப்புபவர்கள், வேகமாகத் தேறுகிறார்கள். அவரும் மறுவாழ்வு மருத்துவரான குக்ஸியும் 1940களின் நடுவில் ஒரு பயிற்சித் தொகுப்பை உருவாக்கினார்கள். முதலில் படுக்கையிலேயே கண்ணை மட்டும் அசைப்பது. பிறகு தலையை. பிறகு உட்கார்ந்து எழுவது, பந்தைக் கண்ணுக்கு மேலே ஒரு கையிலிருந்து மறு கைக்கு வீசிப் பிடிப்பது, சரிவில் ஏறி இறங்குவது, கண்ணை மூடிக்கொண்டு நடப்பது. எது தலைசுற்றலைக் கிளப்புகிறதோ அதையே செய்ய வேண்டும். ஏன் என்று அவர்களால் அணுக்கள் அளவில் சொல்ல முடியவில்லை. வேலை செய்தது, அவ்வளவுதான்.

ஆக, ஒரே பத்தாண்டில் இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று சத்தத்தை அடக்குவது, இன்னொன்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடப்பது. எந்த வழி உலகமெங்கும் ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை விற்கலாம். சரிவில் நடப்பதை யார் விற்பது?

ஏன் என்ற கேள்விக்கு விலங்குகள் மூலமாகவே பதில் வந்தது. 1970களில் பிரான்ஸில், மார்செய் நகரில் லாகூரின் குழு, ஒரு பக்க நரம்பு வெட்டிய பபூன் குரங்குகளை முதல் சில நாட்கள் அசையவிடாமல் கட்டிவைத்தது. தேறுவது தாமதமானது. லியோனில் கூர்ஜோன் குழு பூனைகளை இருட்டில் வைத்தது. கண்ணசைவு சீராகவில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகே சீராகத் தொடங்கியது. தப்பு நடக்கிறது என்று மூளைக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. தலையைத் திருப்பும்போது காட்சி வழுக்கினால்தான் சிறுமூளைக்குத் தகவல் போகும்: கணக்கு இடிக்கிறது, திருத்து.

திருத்தம் நடக்கும் இடம் மூளைத்தண்டு. அங்கே இரண்டு பக்கமும் சமநிலைக்கான நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. இவை ஒன்றையொன்று அடக்கிக்கொண்டே இருப்பவை. அடக்குவதற்கான ரசாயனங்கள் காபா, கிளைசின். ஒரு காது போனதும் அந்தப் பக்கத்து அணுக்களுக்கு இரட்டை அடி. காதிலிருந்து வந்த தூண்டுதலும் போயிற்று. எதிர்ப்பக்கம் தடையில்லாமல் ஓங்கி, காபாவைக் கொட்டி, இவற்றை இன்னும் அமுக்குகிறது. இப்படியே விட்டால் நோயாளி என்றைக்கும் எழமாட்டார்.

ஆனால் கினிப்பன்றிகளில் மின்முனை வைத்துப் பார்த்தவர்கள் கண்டது: ஒரு வாரத்துக்குள் அந்த அமுங்கிய அணுக்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கிவிடுகின்றன. காதிலிருந்து ஒரு துடிப்புகூட வராமலேயே. பெக்தெரெவ் நாயின் இல்லாத காது பேசியது இங்கிருந்துதான். எடின்பரோவில் தூத்தியாவின் குழு 1990களின் இறுதியில் எலிகளின் மூளைத்தண்டுச் சீவல்களை எடுத்துப் பார்த்தபோது வழி கொஞ்சம் புரிந்தது. காது போன சில மணி நேரத்திலேயே அந்தப் பக்கத்து அணுக்கள் காபாவுக்குக் காது கொடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. எதிர்ப்பக்கம் அதே அளவு கத்தினாலும் இவை முன்போல அடங்குவதில்லை. கூடவே, தாமே துடிக்கும் இயல்பும் கூடுகிறது. வீட்டில் எப்போதும் அதட்டப்படுகிற பிள்ளை ஒருநாள் அதட்டலைச் சட்டை செய்யாமல் விடுமே, அந்த மாதிரி. யாரும் தூண்டவில்லை, அடங்குவதை நிறுத்திக்கொண்டது.

டயசிபாம் போன்ற தூக்க மருந்துகள் செய்வது காபாவின் பலத்தைக் கூட்டுவது. முதல் இரண்டு மூன்று நாள் வாந்தியும் சுற்றலும் தாங்க முடியாதபோது அவை கருணை. அதற்குமேல் போனால், அடங்க மறுத்து எழுந்துகொண்டிருக்கும் அணுக்களின் தலையில் கை வைத்து அமுக்குவது போலாகிவிடுகிறது. இந்த மருந்துகளைச் சில நாட்களோடு நிறுத்திவிட வேண்டும் என்று இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதற்குப் பின்னால் உள்ள தர்க்கம் இது.

ஹிஸ்டமின் கதை இன்னும் சுவாரசியம். மூளையில் ஹிஸ்டமினைச் சுரக்கும் அணுக்கள் ஒரே ஒரு இடத்தில்தான், ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் இருக்கின்றன. நம்மை விழித்திருக்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. ஜலதோஷ மாத்திரை போட்டால் தூங்கி வழிவது அதனால்தான். காது அடிபட்ட பிறகு மூளைத்தண்டில் ஹிஸ்டமின் வேலை கூடுகிறது. இன்று தலைசுற்றலுக்குப் பரவலாக எழுதப்படும் பீட்டாஹிஸ்டின், ஹிஸ்டமின் சுரப்பின் பிரேக்கைத் தளர்த்தி அதைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது. 1995இல் மார்செய் குழு பூனைகளுக்கு அதைக் கொடுத்து, அவை சீக்கிரம் தேறுவதைக் காட்டியது. அதே குழு 2007இல் இன்னும் விசித்திரமான ஒன்றைச் சொன்னது: நரம்பு வெட்டிய வளர்ந்த பூனைகளின் சமநிலை மையங்களில் புது அணுக்கள் பிறக்கின்றன, அவற்றில் பல காபா அணுக்களாகின்றன. அணுக்கள் பிறப்பதைத் தடுத்தால் பூனை தேறுவது தாமதமானது.

பூனைக்கு நடந்ததெல்லாம் நமக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெனியர் நோய் உள்ள 221 பேரிடம் ஜெர்மனியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பீட்டாஹிஸ்டின் குறைந்த அளவு, அதிக அளவு, வெறும் போலி மாத்திரை மூன்றுக்கும் இடையில் கிறுகிறுப்புத் தாக்குதல்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அது தேறுவது பற்றிய கேள்வி இல்லை, தாக்குதல் பற்றியது. இருந்தாலும் உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்கிறது. காதோர்னின் பாதைக்கோ 39 ஆய்வுகள், 2441 பேரைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின் ஆதரவு இருக்கிறது. பயிற்சி பாதுகாப்பானது, பலன் தருகிறது என்பது அதன் முடிவு.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியது பெரியம்மாவால். கும்பகோணத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஒருநாள் விடியற்காலையில் கண்ணைத் திறந்தால் மின்விசிறியோடு சேர்ந்து உத்தரமும் சுற்றியிருக்கிறது. ஸ்ட்ரோக் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இடது காதின் சமநிலை நரம்பில் அழற்சி. ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்து, நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அதில் ஒன்று ஹிஸ்டமினைத் தடுப்பது, ஒன்று ஹிஸ்டமினைக் கூட்டுவது. எத்தனை நாள் என்று சீட்டில் இல்லை. மூன்று மாதம் பெரியம்மா படுத்தே இருந்தார். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கோயிலுக்குப் போவதை விட்டார், கடைத்தெருவை விட்டார். "நான் அவ்ளோதான் போலிருக்குடா" என்று என்னிடம் போனில் சொன்னபோது, நாற்பது வருஷம் வகுப்பை அதட்டிய குரல் அதில் இல்லை.

வேறொரு மருத்துவர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டி, "அந்தப் பெரிய நம்பரைப் பார்த்துக்கிட்டே தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுங்கம்மா, நம்பர் கலங்கக் கூடாது" என்றது.

"ஏம்மா, தலை சுத்துதுன்னு வந்தா தலையை ஆட்டச் சொல்றியே?"

"சுத்தும்மா. சுத்தணும். சுத்தினாத்தான் அடங்கும்."

பெரியம்மா முதல் நாள் வாந்தி எடுத்தார். இரண்டாம் வாரம் தேதி கலங்குவது குறைந்தது. ஒரு மாதத்தில் கீழே இருக்கும் பொடி எழுத்து ராகுகால நேரத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்ட முடிந்தது. "ஆட்ட ஆட்டத்தான்டா நிக்குது" என்றார். காதோர்ன் 1940களில் எழுதியதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து மறுபடி காதில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். வலது காதில் விட்டபோது கண்கள் துள்ளின, பெரியம்மா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். இடது காதில் குளிர்ந்த தண்ணீர், பிறகு சூடான தண்ணீர். ஒன்றும் நடக்கவில்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்டார். அந்தக் காது செத்தது செத்ததுதான்.

பேத்தி கல்யாணத்தில் இரண்டு ராத்திரி தூக்கமில்லை, மூன்றாம் நாள் காய்ச்சல். கல்யாண மண்டபத்தின் தூண்கள் மறுபடி இடப்பக்கம் சாய ஆரம்பித்தன. நரம்புக்குப் புதிதாக எதுவும் ஆகவில்லை. களைப்பிலும் காய்ச்சலிலும், சில மயக்க மருந்துகளுக்குப் பிறகும், இந்த ஈடுகட்டல் தற்காலிகமாகக் குலைவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஊர் திரும்பி ஒருநாள் முழுக்கத் தூங்கினார். அடுத்த நாள் காலையில் காலண்டரில் முந்தின தேதிகளை மொத்தமாகக் கிழித்துவிட்டு, அன்றைய தேதிக்கு முன்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.